துறை திறத்தல்

துறை என்னுஞ் சொல் இராமநாதபுரக் கடற்கரையிற் பிறந்து வளர்ந்த நம் மாணவர்க்குப் புதியதன்று. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, பாம்பன் என இவ்வொரு கரையிலேயே பல துறைகள் உள. மறுகரையினின்று புறப்படும் தோணிக்காரனை நோக்கி, "இராமநாதபுரக் கரைக்குப் போ" என்று மட்டும் கூறினால் அவன் எங்கே நங்கூரமிடுவான்? கரையின் பெயரோடு துறையின் பெயரையுஞ் சேர்த்துக் கூறினாலன்றோ சரக்கு உரியாரிடம் சேரும்! இக்காலத்தில் நம் வீடுகளிற் புகுந்துள்ள இணையத்திலும் இம்முறையே வழங்குகின்றது. அங்கும் கரையுண்டு, துறையுண்டு, காவலுமுண்டு. அத்துறைகளுள் ஒன்றை முறையறிந்து திறந்து, வெளியூரிலுள்ள நண்பரை நம் வீட்டுக் கணிப்பொறியில் நடைபெறும் விளையாட்டிற்கு வரவேற்பது எவ்வாறென்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். இதனைப் போர்ட் பார்வர்டிங் என வழங்குவர். நாம் துறைவழிப்படுத்தல் எனலாம்.

விளையாட்டைக் குறித்துக் கல்லூரி மலரில் எழுதுதல் தகுமோ எனச் சிலர் வினவலாம். பணம் வைத்தாடும் ஆட்டங்களைப் பற்றி நாம் ஈண்டுப் பேசவில்லை. அவற்றை விலக்கி 2025-ஆம் ஆண்டில் மத்திய அரசு சட்டமே இயற்றியுள்ளது. நாம் கருதுவது, நண்பர் நால்வர் மாலைப்பொழுதில் ஒன்றுகூடி ஆடும் மைன்கிராப்ட் போன்ற ஆட்டங்களையே. மேலும், ஓர் ஆட்டத்திற்காகத் துறை திறக்கக் கற்றவன் இணையம் இயங்கும் வகையிற் பெரும்பகுதியைக் கற்றவனாவான்.

இதனை நாம் ஆராய நேர்ந்த காரணம்

சென்ற கோடை விடுமுறையில், மண்டபத்தைச் சேர்ந்த நம் மாணவர் ஒருவர் தம் வீட்டுக் கணிப்பொறியில் மைன்கிராப்ட் ஆட்டக்களம் ஒன்றை அமைத்தார். இராமேசுவரத்திலுள்ள அத்தை மகனும் மதுரையிற் பயிலும் நண்பரும் அதனுள் வந்து ஆடவேண்டும் என்பது அவர் விருப்பம். நூல்களிற் கண்டவாறே ரௌட்டரிற் செய்யவேண்டியன அனைத்துஞ் செய்தார். மூன்று இரவுகள் கழிந்தன. "ஐயா, கதவைத் திறந்துதான் வைத்திருக்கின்றேன், ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை" என்று நம்மிடம் முறையிட்டார். அவர் வீட்டிற்குச் சென்று நாம் கண்டவற்றையும், அங்கு நாமே செய்த பிழையொன்றையும் உரிய இடத்திற் கூறுவோம்.

முகவரியும் துறையெண்ணும்

இணையத்தோடு இணைந்த ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் உண்டு. நெடுங்காலமாக வழங்கிவரும் நான்காம் பதிப்பு முறையில் இவ்வெண்கள் ஏறத்தாழ 429 கோடியே உள. உலக மக்கள் தொகைக்கே போதாத இத்தொகை, வீட்டிற்கு ஐந்தாறு கருவிகள் உள்ள இந்நாளில் எவ்வாறு போதும்? உலகப் பொதுத் தொகுப்பில் எஞ்சியிருந்த முகவரிகள் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன.

முகவரி கரையைக் காட்டும். துறையைக் காட்டுவது துறையெண். ஒவ்வொரு முகவரியிலும் 0 முதல் 65,535 வரை துறையெண்கள் உள. இணையப் பக்கங்கள் 80, 443 ஆகிய துறைகளிலும், மின்னஞ்சல் 25-ஆம் துறையிலும் இறங்குதல் மரபு. மைன்கிராப்டின் ஜாவா பதிப்பு 25565-ஆம் துறையையும், பெட்ராக் பதிப்பு 19132-ஆம் துறையையும், எக்ஸ்பாக்ஸ் கருவி 3074-ஆம் துறையையும் தமக்குரியனவாகக் கொண்டுள்ளன.

சரக்கு வந்திறங்கும் முறையும் இருவகைப்படும். டி.சி.பி. என்பது பதிவுத் தபாலை ஒத்தது. ஒவ்வொரு துண்டுஞ் சேர்ந்ததற்கு ஒப்புகை பெறும். சேராததை மீண்டும் அனுப்பும். யு.டி.பி. என்பது அஞ்சலட்டையை ஒத்தது. அனுப்பியதோடு கவலை தீர்ந்தது. விரைவே பெரிதெனக் கொள்ளும் ஆட்டங்கள் பெரும்பாலும் யு.டி.பி. முறையையே நாடும். எனினும் மைன்கிராப்ட் ஜாவா டி.சி.பி. முறையிலும், பெட்ராக் யு.டி.பி. முறையிலும் இயங்குகின்றன. துறையெண் சரியாக இருந்தும் இவ்வகை மாறிவிட்டால் ஆட்டம் நடைபெறாது.

ரௌட்டரின் கணக்கேடு

முகவரிப் பஞ்சத்திற்கு மாற்றாக 1994-ஆம் ஆண்டில் ஓர் உபாயம் வெளியிடப்பட்டது. அதுவே நாட் எனப்படும் முகவரி மாற்றுமுறை. வீடு முழுதுக்கும் வெளியுலகில் ஒரு முகவரி. வீட்டினுள் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உள்முகவரி. இரண்டிற்கும் இடையே நின்று மாற்றிக்கொடுப்பது ரௌட்டர். 192.168 என்றும், 10 என்றும் தொடங்கும் முகவரிகளும், 172.16 முதல் 172.31 வரையுள்ளனவும் இவ்வுள்வழக்கிற்கென ஒதுக்கப்பட்டன.

ரௌட்டர் இவ்வேலையைச் செய்யும் வகையை இராமேசுவரத்து மீனவர் எளிதில் உணர்வர். அங்கே விசைப்படகுகள் கடலுக்குச் செல்லுமுன் மீன்வளத்துறையிடம் அனுமதிச் சீட்டுப் பெறும். அதனால், சென்ற படகு எது, திரும்பவேண்டிய படகு எது என்பது கணக்கில் இருக்கும். அங்ஙனமே, வீட்டினுள்ளிருந்து ஒரு கருவி வெளியே செய்தி அனுப்புங்கால், இன்ன உள்முகவரி, இன்ன துறை, இன்னாரிடம் சென்றது என ரௌட்டர் தன் ஏட்டிற் குறித்துக்கொள்ளும். மறுமொழி வந்ததும் ஏட்டைப் பார்த்து உரிய கருவியிடம் சேர்க்கும். ஏட்டில் இல்லாத படகு வந்தாலோ, அதனை எவரிடம் சேர்ப்பதென அறியாது புறத்தே விட்டுவிடும்.

ஆகவே நம் வீட்டுக் கணிப்பொறி பிறர் வீட்டிற்கு விருந்தாகச் செல்லலாம். தானே பிறரை அழைத்து விருந்திட இயலாது. நாம் பக்கங்களைப் படிப்பதும் படங்களைக் காண்பதும் விருந்தாகச் செல்லும் வகையின. செல்பேசியில் ஆடப்படும் பெரும்பாலான ஆட்டங்களும் அத்தகையனவே; ஆடுவோர் அனைவரும் நிறுவனத்தின் நடுக்களத்திற்குச் செல்வர். அவற்றிற்குத் துறை திறக்கவேண்டிய தேவையில்லை. திறந்தாலும் ஆட்டம் விரைவுபடாது. நம் வீட்டுக் கணிப்பொறியே களமாகும்போதுதான், அழையாமுன் வரும் செய்தியை ஏற்பதற்கு ஏட்டில் நிலையான ஒரு வரி எழுதவேண்டும். "25565-ஆம் துறைக்கு வருவது எதுவாயினும் 192.168.1.50 என்னும் கருவியிடம் சேர்க்க" என்பது போன்ற அவ்வரியே துறைவழிப்படுத்தல்.

முதலில் ஆராயவேண்டுவது

விதியெழுதத் தொடங்குமுன் ஒன்றைத் தெளிதல் வேண்டும்: நம் ரௌட்டருக்கு வெளியுலகம் அறிந்த முகவரி உண்டோ, இல்லையோ? மண்டபத்து மாணவர் மூன்று இரவுகளை இழந்தது இதனை ஆராயாமையாலேயே. ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் வான் முகவரி என ஓரெண் காணப்படும். நம் முகவரியைக் காட்டும் இணையப் பக்கம் ஒன்றையும் அதே கணிப்பொறியிற் பார்த்தல் வேண்டும். இரண்டும் ஒன்றாயின் நன்று. வேறுபடின், நமக்கும் உலகிற்கும் இடையே மற்றொரு காவலன் நிற்கின்றான் என்பது பொருள்.

அம்மாணவர் வீட்டில் வான் முகவரி 100.72 எனத் தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையுள்ள முகவரிகள், இணைப்பளிக்கும் நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே வெளிமுகவரியின்கீழ் வைத்தாளுவதற்கென 2012-ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டவை. இம்முறையைச் சி.ஜி.நாட் என்பர். நம் வாயிற்கதவை அகலத் திறந்தாலும், தெருவின் முகப்பிலுள்ள பெருங்கதவு மூடியிருப்பின் விருந்தினர் எவ்வாறு வருவர்? அப்பெருங்கதவின் திறவுகோல் நம்மிடம் இல்லை.

இதற்குத் தீர்வுகள் நான்கு. இணைப்பளிக்கும் நிறுவனத்திடம் தனிக்கட்டணஞ் செலுத்திப் பொது முகவரி கேட்டுப் பெறுதல் ஒன்று. முகவரிப் பஞ்சமில்லாத ஆறாம் பதிப்பு முறை இரு வீடுகளிலும் இருப்பின் அதனைக் கையாளுதல் மற்றொன்று. ஆண்டும் ரௌட்டரின் காவல் அத்துறைக்கு வழிவிடவேண்டும். வெளியிலுள்ள இடைத்தரகுச் சேவை வழியாகவோ, வாடகைக் களத்திலோ ஆடுதல் மூன்றாவது. நம் வீட்டிலேயே இரு ரௌட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதனால் இத்தடை நேர்ந்திருப்பின், முன்னதைப் பாலநிலையில் அமைத்தல் நான்காவது. செல்பேசி இணைப்பொன்றையே நம்பியிருக்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் மூன்றாவதே கைகொடுக்கும். நம் மாணவரின் தந்தையார் முதல் வழியையே தெரிந்து, பொது முகவரி பெற்றுத் தந்தார்.

செய்முறை

முதலாவது, களமாக அமையுங் கணிப்பொறிக்கு மாறாத உள்முகவரி வேண்டும். ரௌட்டர் தன் விருப்பம்போல் முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும். மின்தடை நீங்கியபின் நேற்றைய முகவரி இன்று வேறொரு கருவிக்குச் செல்லவுங் கூடும். ஆதலின் டி.எச்.சி.பி. பகுதியில், அக்கணிப்பொறியின் மேக் எண்ணைக் குறித்து 192.168.1.50 போன்றதொரு முகவரியை நிலையாக ஒதுக்குதல் வேண்டும்.

இரண்டாவது, ரௌட்டரினுள் நுழைதல். விண்டோஸ் கணிப்பொறியின் கட்டளைப் பலகையில் ஐ.பி.கான்பிக் எனத் தட்டினால், டீபால்ட் கேட்வே என்பதற்கு எதிரே ரௌட்டரின் உள்முகவரி தோன்றும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். அதனை உலாவியில் இட்டு நுழைந்தவுடன், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றுதல் வேண்டும். இதனைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று எண்ணுதல் தகாது. காரணம் கீழே விளங்கும்.

மூன்றாவது, விதியெழுதுதல். இப்பகுதி சில ரௌட்டர்களில் போர்ட் பார்வர்டிங் என்றும், சிலவற்றில் விர்ச்சுவல் சர்வர் என்றும் வழங்கும். விதிக்கு ஒரு பெயர், வெளித்துறை எண், உள்துறை எண், உள்முகவரி, டி.சி.பி. அல்லது யு.டி.பி. என்னும் வகை ஆகிய ஐந்தும் கேட்கப்படும். ஜாவா பதிப்பிற்கு இரு துறையெண்களையும் 25565 என்றும், வகையை டி.சி.பி. என்றும் எழுதிச் சேமித்தல் வேண்டும்.

நான்காவது, கணிப்பொறியினுள்ளேயுள்ள காவல் அரணுக்கும் அறிவித்தல். வாயிலைக் கடந்து வந்த விருந்தினரை அறைக்கதவு தடுப்பதுண்டு. விண்டோஸ் காவல் அரணில் அவ்வாட்டத்திற்கு மட்டும் அனுமதி தரலாம். அரணையே அணைத்துவிடுதல் அறிவுடைமையன்று.

ஐந்தாவது, சோதித்தல். இதில் இருவகை மயக்கங்கள் நேரும். ஆட்டக்களம் ஓடிக்கொண்டிருந்தாலன்றித் துறை திறந்ததாகத் தோன்றாது; கேட்பார் இல்லாத துறையில் மறுமொழி சொல்வார் யார்? மேலும், வீட்டு வைபையிலிருந்தே நம் வெளிமுகவரியைத் தட்டினால் சில ரௌட்டர்கள் வழிவிடா. ஆகவே செல்பேசியின் வைபையை நிறுத்தி, வெளி இணைப்பின் வழியே சோதித்தல் முறை.

ஆறாவது, முகவரி மாறுங்கால் செய்வது. நிலையான முகவரியாக அன்றி, மாறும் பொது முகவரியாக இருப்பின், டைனமிக் டி.என்.எஸ். என்னும் சேவையில் ஒரு பெயரைப் பதிந்துகொண்டால், எண் மாறினும் நண்பர் அப்பெயராலேயே நம்மை வந்தடைவர்.

இவ்வாறனைத்தும் முடிந்த அன்று மாலையே, இராமேசுவரத்து அத்தை மகன் களத்தினுள் வந்து நின்றார். மண்டபத்து வீட்டில் எழுந்த ஆரவாரத்தை ஈண்டு வருணித்தல் மிகை.

நாம் கண்ட பிழை

ஒரு வாரங் கழித்து, இக்கட்டுரைக்குக் குறிப்பெடுக்க வேண்டி அந்த ரௌட்டரின் பக்கங்களை மீண்டும் புரட்டினோம். அங்கே டி.எம்.இஸட். என்னும் பகுதியில் 192.168.1.5 என்னும் முகவரி எழுதப்பட்டிருந்தது. முதல் மூன்று இரவுகளில் யாதும் பயன்படாமை கண்டு மனஞ்சலித்த மாணவர், துறைகள் அனைத்தையும் தம் கணிப்பொறிக்கே திறந்துவிடும் அவ்வமைப்பை இட்டிருந்தார், பிறகு மறந்தார். பெருங்கதவு மூடியிருந்தவரையில் அதனால் தீங்கில்லை. பொது முகவரி வந்தபின் நிலைமை மாறிற்று. நாமோ அவருடைய கணிப்பொறியை 50 என்னும் முகவரிக்கு மாற்றி வைத்தோம்; பழைய 5 என்னும் முகவரியை ரௌட்டர் வேறொரு கருவிக்கு அளித்துவிட்டது. அக்கருவி யாது? மாணவரின் தந்தையார் தம் கருவாட்டு வாணிபத்தின் பற்றுவரவுகளை எழுதிவைத்திருந்த கணிப்பொறி!

வங்கிக் கணக்கும், கொடுக்கல் வாங்கலும், படகுக்காரர்க்குத் தரவேண்டிய பாக்கியும் அடங்கிய அக்கணிப்பொறி, ஒரு வாரம் உலகிற்கு நேரே திறந்துகிடந்தது. அதன் சொந்தக் காவல் அரண் விழித்திருந்தமையால் இழப்பொன்றும் நேரவில்லை. ஆயினும் அப்பெரியவரின் முகத்தை நோக்கி இதனைச் சொல்லும்போது நமக்கு நாணமுண்டாயிற்று. மாணவர் மறந்தது ஒரு பிழை. இருந்த விதிகள் அனைத்தையும் படித்துப் பாராமல் புதுவிதி எழுதியது நம்முடைய பிழை.

இஃது வீணான அச்சமன்று என்பதற்கு உலகறிந்த சான்றொன்று உண்டு. 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இளைஞர் மூவர், அவருள் ஒருவர் கல்லூரி மாணவர், மிராய் என்னுந் தீநிரலை இயற்றினர். அது 23-ஆம் துறை திறந்துகிடந்த ரௌட்டர்களையும் காவற் கேமராக்களையும் தேடி, தொழிற்சாலைக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்து உட்புகுந்து, அவற்றைப் பெரும்படையாகத் திரட்டியது. மைன்கிராப்ட் களங்களை நடத்துவோரிடையே இருந்த வாணிபப் போட்டியே அம்முயற்சிக்கு ஒரு தூண்டுகோல் என்பது எண்ணத்தக்கது. அந்நிரல் வெளியிடப்பட்டபின், அத்தகைய படையொன்று அக்டோபர் 21-ஆம் நாள் டைன் என்னும் நிறுவனத்தைத் தாக்க, டுவிட்டர் முதலிய பெருந்தளங்கள் பலர்க்கும் சில மணிநேரம் எட்டாவாயின. 2017-ஆம் ஆண்டில் அம்மூவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். தாக்கப்பட்டவர்கள் ஒருபுறமிருக்க, தம் வீட்டு ரௌட்டர் அப்படையிற் சேர்ந்திருந்ததை அறியாத இல்லத்தார் எத்துணைபேர்!

முடிவுரை

பாம்பன் கால்வாயைக் கடக்க விரும்புங் கப்பல், துறைமுக அலுவலரின் அனுமதி பெற்றுக் காத்திருத்தலை நம்முட் பலர் கண்டிருப்பர். 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பெற்ற பழைய இரயில் பாலத்தில், இருபுறமும் மேலெழும் நடுப்பகுதியை ஆட்கள் தம் கைவலியால் இயக்கித் திறந்தனர். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பெற்ற புதிய பாலத்திலோ, 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக மேலே உயர்கின்றது. பொறிமுறை வேறாயினும் நெறி ஒன்றே. இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாலம் முழுவதையும் எவருந் திறப்பதில்லை. கப்பல் செல்லும் அளவிற்கு ஓரிடமே திறக்கும். கப்பல் சென்றபின் அது மூடும்.

மாணவ நண்பர்காள்! வீட்டுத் துறையையும் அவ்வாறே ஆளுங்கள். வேண்டிய ஒரு துறையை மட்டும், வேண்டிய ஒரு கருவிக்கு மட்டும் திறவுங்கள். டி.எம்.இஸட். அமைப்பை நாடாதீர்கள், கருவிகள் தாமே துறை திறந்துகொள்ள இடந்தரும் யு.பி.என்.பி. அமைப்பை, தேவையின்றேல் அணைத்துவையுங்கள். களத்தில் நுழையத்தக்க நண்பர்களின் பெயர்ப்பட்டியலை எழுதி, அதிலுள்ளார்க்கே இடங்கொடுங்கள். ஆட்ட நிரலையும் ரௌட்டரின் நிரலையும் புதுப்பித்து வாருங்கள். விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்புமுன் விதியை நீக்கிவிடுங்கள். விடுதியின் இணைப்பு நம்முடையதன்று, ஆதலின் அதன் பொறுப்பாளர் இசைவின்றி அங்கே துறை திறக்க முயலாதீர்கள். எல்லாவற்றினும் மேலாக, வீட்டின் ரௌட்டரைத் தொடுமுன், அதனால் வாழும் வீட்டாரிடம் சொல்லுங்கள்.

இந்நாளில் நாம் இணையத்திற் பெரும்பாலும் பிறர் இல்லத்து விருந்தினராகவே உலவுகின்றோம். நம் இல்லத்திற்கும் பிறரை அழைக்கலாம் என்றறிவது பெருமகிழ்ச்சி. ஆனால் விருந்தினரை அழைக்குமுன், எந்தக் கதவு எந்த அறைக்குச் செல்கின்றது என்பதை வீட்டுக்காரர் அறிந்திருத்தல் வேண்டும். மண்டபத்து வீட்டில் இப்பொழுதும் மாலைதோறும் ஆட்டம் நடைபெறுகின்றது. ரௌட்டரின் அருகே சுவரில் ஓர் அட்டை தொங்குகின்றது. திறந்த துறை, திறந்த நாள், மூடவேண்டிய நாள் என மூன்று பத்திகள் அதில் உள. அவற்றை எழுதி வருபவர் மாணவர். ஞாயிறுதோறும் படித்துப் பார்ப்பவர் அவர் தந்தையார்.